எல்லைக்கோட்டில் அறுபட்ட குழாய்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் பழைய செங்கல் வீடுகளில் தண்ணீர்க் குழாய் தெருவிலிருந்து மண்ணுக்கடியில் வந்து, நிலவறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழையும். அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் சில வீடுகளில் மங்கிய சாம்பல் நிறக் குழாய் ஒன்று தெரியும். அது நேராக இருக்காது; கையால் வளைத்ததுபோலக் கொஞ்சம் நெளிந்திருக்கும். வால்வுடன் சேருமிடத்தில் உருண்டையாக ஒரு புடைப்பு. காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டாது. சாவி முனையால் லேசாகச் சுரண்டினால் சாம்பல் தோல் விலகி, உள்ளே வெள்ளையாகப் பளிச்சிடும். அப்படிப் பளிச்சிட்டால் அது ஈயக் குழாய்.

இங்கே ஈயம் என்பது காரீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுகிற வெள்ளீயம் வேறு உலோகம். அதற்கும் இந்த விவகாரத்துக்கும் தொடர்பில்லை.

அந்தக் குழாய்களைப் பற்றி வாஷிங்டன்வாசிகளில் பெரும்பாலோர் கவலைப்படத் தொடங்கியது 2004 ஜனவரி 31 அன்று. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் அன்று வெளியிட்ட செய்தியின் சாரம் இது: முந்தைய கோடையில் நகரக் குடிநீர் நிறுவனம் 6,118 வீடுகளில் தண்ணீரைச் சோதித்திருக்கிறது; அவற்றில் 4,075 வீடுகளில் ஈயம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அரசு வரம்பைத் தாண்டியிருக்கிறது. மூன்றில் இரண்டு வீடு. சில வீடுகளில் 300 மைக்ரோகிராமையும் தாண்டியது. முடிவுகள் நிறுவனத்தின் கையில் பல மாதங்களாக இருந்தன. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மாருக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவேண்டிய வேகத்தில் போய்ச் சேரவில்லை.

இத்தனைக்கும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பிய தண்ணீரில் ஈயம் இல்லை. தெருவுக்கடியில் ஓடும் பிரதான குழாய்களிலும் ஈயம் இல்லை, அவை வார்ப்பிரும்பு. பிரதான குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரிந்துவரும் இணைப்புக் குழாயின் சில பத்து அடி நீளத்தில்தான் தண்ணீர் கெட்டது. அந்தச் சில பத்து அடியில் பாதி தெருவைச் சேர்ந்தது, பாதி வீட்டுக்காரருடையது. இந்தப் பாகப்பிரிவினைதான் அடுத்த 10 ஆண்டுகளுக்கு வாஷிங்டனை அலைக்கழித்தது. ஈயக் குழாய்ப் பிரச்சினையில் வேதியியலைவிட மோசமாக வேலை செய்தது இந்தச் சொத்தெல்லைதான் என்று சொல்வதற்கு அந்நகரம் போதுமான ஆதாரம் தருகிறது.

முதலில் வேதியியல். ஈயக் குழாய் பதித்த ஊர்களிலெல்லாம் மக்கள் தினமும் ஈயத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே உப்பு படிவதைப்போல, ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஓடிய குழாயின் உட்சுவரிலும் ஒரு படிவு ஏறுகிறது. அந்தப் படிவு கெட்டியாக இருக்கும்வரை தண்ணீருக்கும் உலோகத்துக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. அது எந்த வகைப் படிவு, எவ்வளவு உறுதியானது என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் குணம்: அமிலத்தன்மை, கடினத்தன்மை, அதில் கலக்கும் கிருமிநாசினி.

வாஷிங்டனில் பல பத்தாண்டுகளாகக் குளோரின் கலந்த தண்ணீர் ஓடியது. குளோரின் வீரியமான ஆக்ஸிஜனேற்றி. அதனால் குழாய்ச் சுவரில் ஈய டைஆக்ஸைடு என்ற, தண்ணீரில் எளிதில் கரையாத படிவு உருவாகியிருந்தது. அது அங்கே இருந்தது என்பதே அப்போது பலருக்குத் தெரியாது. இதற்கிடையே, குளோரின் தண்ணீரிலுள்ள இலைதழைக் கழிவுகளோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் போன்ற பொருட்களை உண்டாக்குகிறது, அவை புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற அச்சம் வலுத்தது. அவற்றைக் குறைக்கச் சொல்லி மத்திய அரசு விதி போட்டது. நகரத்துக்குத் தண்ணீர் சுத்திகரித்துத் தரும் ராணுவப் பொறியாளர் பிரிவு 2000 நவம்பரில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைனுக்கு மாறியது. குளோரினோடு அமோனியா சேர்த்துச் செய்வது குளோரமைன். வீரியம் குறைவு, பக்கவிளைவுப் பொருட்களும் குறைவு. நல்ல நோக்கத்தில் எடுத்த முடிவு என்பதில் ஐயமில்லை.

ஆனால் குளோரினின் வீரியத்தை நம்பித்தான் அந்த ஈய டைஆக்ஸைடு நிலைத்திருந்தது. வீரியம் குறைந்ததும் படிவு சிதையத் தொடங்கியது. அதிலிருந்த ஈயம் கரையும் வடிவத்துக்கு மாறித் தண்ணீரோடு வெளியேறியது. இந்த இயக்கத்தைப் பின்னர் விளக்கியவர்களில் முக்கியமானவர் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வேதியியலாளர் மைக்கேல் ஷாக். 2004 ஆகஸ்டில் நகரம் முழுவதற்குமான தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலக்கத் தொடங்கினார்கள். பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து புதிதாக ஒரு படிவை உண்டாக்கும். அது படியப் படிய ஈய அளவு இறங்கியது. 2001 முதல் 2004 வரை அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு அந்த மருந்து காலம் தாழ்ந்து வந்தது.

இவ்வளவு வம்பு பிடித்த உலோகத்தை முதலில் ஏன் மண்ணில் புதைத்தார்கள்? வேலைக்கு அவ்வளவு தோதானது என்பதால்தான். ஈயம் மென்மையானது, கையால் வளைக்கலாம், வழியில் கல்லோ வேரோ குறுக்கிட்டால் சுற்றிக் கொண்டுபோகலாம். மண் அசைந்தாலும் விரிசல் விடாது. இரும்பைப்போலத் துருப்பிடித்து அடைத்துக்கொள்ளாது. நூறாண்டு கிடக்கும்.

ஆபத்து தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈயக் குழாயைவிடச் சுட்ட மண் குழாயில் வரும் தண்ணீரே உடலுக்கு நல்லது என்று எழுதிவைத்தார். ஈயப் பட்டறைத் தொழிலாளர்களின் வெளிறிய உடம்பைச் சான்றாகக் காட்டினார். (ஈயத் தண்ணீரால் ரோமப் பேரரசே வீழ்ந்தது என்ற கதை இன்றும் உலவுகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ரோம் நகரக் குழாய்நீரில் சுற்றுவட்டார ஊற்றுநீரைவிடச் சுமார் 100 மடங்கு ஈயம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டது. ஆனால் அது பேரரசை வீழ்த்தும் அளவுக்குத் தீங்கானது என்று சொல்ல முடியாது என்பதே அந்த ஆய்வாளர்களின் கருத்து.) 1880களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், சதுப்பு மேடுகளிலிருந்து வந்த அமிலத்தன்மை கொண்ட மென்னீர் ஈயக் குழாய்களை அரித்து, ஊரில் ஈய நச்சு நோயைப் பரப்பியது. மருத்துவ உலகம் அதைப் பார்த்துப் பதிவு செய்தது.

அதற்குப் பிறகும் அமெரிக்காவில் ஈயக் குழாய் பதிப்பது நிற்கவில்லை. 1928இல் தொடங்கிய ஈயத் தொழில் சங்கம், குழாய் வேலைக்காரர்களின் அமைப்புகளையும் நகராட்சிப் பொறியாளர்களையும் அணுகி, கட்டட விதிகளில் ஈயத்துக்கு இடம் பிடித்துக்கொடுக்கத் திட்டமிட்டு உழைத்தது. சிகாகோ நகர விதி வீட்டிணைப்புக்கு ஈயக் குழாயைக் கட்டாயமாக்கியிருந்தது. 1986இல் மத்திய அரசு நாடு முழுவதும் தடைசெய்த பிறகே அந்தக் கட்டாயம் ஒழிந்தது. இன்று அமெரிக்காவில் ஈய இணைப்புகள் அதிகம் உள்ள நகரம் சிகாகோதான். சுமார் 4 லட்சம். ஒரு வீட்டுக்காரர் விரும்பிப் போட்ட குழாய் அல்ல அது. அரசு போடச் சொன்ன குழாய். பின்னாளில் "உங்கள் பக்கத்துக் குழாய் உங்கள் பொறுப்பு" என்று அதே வீட்டுக்காரரிடம் சொன்னபோது இந்த வரலாறு எவருக்கும் நினைவில்லை.

தண்ணீரில் கரைந்த ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, நாக்கில் படுகிற சுவையும் இல்லை. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாகி அளவு சுண்டுவதால் மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். உடலுக்குள் போனால் சுண்ணாம்புச் சத்தைப்போல நடந்துகொள்கிறது: எலும்பில் ஏறிப் பல ஆண்டுகள் தங்குகிறது, நரம்பு செல்களுக்குள் சுண்ணாம்புச் சத்து செய்யவேண்டிய வேலைகளில் குறுக்கிடுகிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுக்கிறது. பெண் கருவுற்றிருக்கும் காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, இளம் வயதில் சேர்ந்த ஈயமும் கூடவே கரைந்து கருவைச் சென்றடையும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் 4 அல்லது 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளரும் வயதில் ஏற்படும் இழப்பு அறிவுத்திறன், கவனம், நடத்தை எல்லாவற்றையும் தொடுகிறது, திரும்ப வருவதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்குக் கிடையாது என்பதும் அதே நிறுவனத்தின் நிலைப்பாடு. அது வழிகாட்டும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவு, நடைமுறையில் எட்டக்கூடியது எது என்று பார்த்து வைத்தது.

அமெரிக்க வரம்பான 15 மைக்ரோகிராமும் உடல்நலக் கணக்கில் பிறந்ததல்ல. 1991இல் வந்த விதி இப்படிப் போகிறது: ஈயம் இருக்க வாய்ப்புள்ள வீடுகளில் மாதிரி எடுக்க வேண்டும், அவற்றில் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை 15ஐத் தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதாவது, 100 வீட்டில் 9 வீட்டில் ஈயம் எவ்வளவு எகிறினாலும் ஊர் "தேறிவிடும்". அந்த 9 வீட்டுக்குள் எத்தனை குழந்தைகள் என்று விதி கேட்பதில்லை.

மாதிரி எடுக்கும் முறையிலும் பெரிய ஓட்டை இருந்தது. குறைந்தது 6 மணி நேரம் தண்ணீரைத் திறக்காமல் வைத்திருந்து, பிறகு முதலில் வரும் ஒரு லிட்டரைப் பிடிக்க வேண்டும். சமையலறைக் குழாயின் கீழே ஐந்தாறு பாட்டில்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தால் இதன் சிக்கல் புரியும். முதல் பாட்டிலில் விழுவது இரவெல்லாம் குழாய்த் திருகுக்குள்ளும் கழுவுதொட்டிக்குக் கீழுள்ள குழாயிலும் கிடந்த தண்ணீர். அதில் பித்தளைத் திருகும் பற்றவைத்த இடங்களும் கொடுத்த ஈயம் இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு என்று வீட்டுச் செப்புக் குழாயில் கிடந்தது வரும். ஐந்தாவது பாட்டில் அளவில்தான் மண்ணுக்கடியில் ஈயக் குழாயோடு இரவைக் கழித்த தண்ணீர் வந்துசேரும்; அப்போது குழாயடியில் நிற்பவர் கைக்குச் சில்லென்று குளிர்ச்சி தட்டும். விதி கேட்டது முதல் பாட்டிலை மட்டும். 30 ஆண்டுகள் கழித்து, 2021இல் செய்த திருத்தத்தில்தான் ஈய இணைப்புள்ள வீட்டில் ஐந்தாவது லிட்டரைச் சோதிக்க வேண்டும் என்று மாற்றினார்கள்.

வாஷிங்டனின் தண்ணீரில் ஈயம் ஏறியது வெளியே வந்ததும் எல்லோரும் மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பக்கம் திரும்பினார்கள். 2004 வசந்தத்தில் அம்மையம் அவசரமாக ஓர் அறிக்கை வெளியிட்டது. 300 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்த வீடுகளில் வசித்த 201 பேரைச் சோதித்ததில், ஒருவரின் ரத்தத்திலும் ஈயம், அன்று 'கவலை அளவு' என்று வைத்திருந்த வரம்பை எட்டவில்லை என்றது அது. ஊர் ஊராக நகராட்சிகள் அதை மேற்கோள் காட்டி நிம்மதி அடைந்தன. ஆனால் சோதிக்கப்பட்டவர்களில் பலர், செய்தி வெளியான பிறகு பாட்டில் தண்ணீருக்கோ வடிகட்டிக்கோ ஏற்கெனவே மாறிவிட்டவர்கள். நகரின் ரத்தப் பரிசோதனைப் பதிவுகளில் ஆயிரக்கணக்கானவை ஆய்வுக்குள் வரவே இல்லை.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் அந்த அறிக்கையை நம்பவில்லை. குழாய் அரிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததற்கும் அறிக்கை சொன்னதற்கும் ஒத்துப்போகவில்லை. பல ஆண்டுகள் தரவுகளைத் தேடி அலைந்து, 2009இல் ஒரு குழந்தை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு ஆய்வை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 2001-2003இல் ஒன்றேகால் வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே ரத்த ஈயம் உயர்ந்த நிலை 4 மடங்குக்கு மேல் கூடியிருந்தது. 2010 மே மாதம் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்து, மையத்தின் பிழையான தரவும் தவறான அனுமானங்களும் தலைநகரக் குழந்தைகளின் நலனை ஆபத்தில் தள்ளின என்று தன் அறிக்கைத் தலைப்பிலேயே எழுதியது. ஆறு ஆண்டுகள் ஒரு தவறான ஆறுதல் ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. கொஞ்சம் கூடுதலான ஈயத்தைவிட இப்படிப்பட்ட அறிக்கை அதிகக் கேடு செய்யும்; ஏனென்றால் அதைப் படிப்பவர் அதற்குப் பிறகு தேடுவதை நிறுத்திவிடுகிறார்.

இனிக் குழாய் அறுத்த கதை.

2004இல் வாஷிங்டன் குடிநீர் நிறுவனம் ஈயக் குழாய்களை மாற்றப்போவதாக அறிவித்தது. சாலையைத் தோண்டினார்கள். தெருவிலிருந்து வீட்டு மனையின் எல்லை வரையுள்ள ஈயக் குழாயை எடுத்துவிட்டுச் செப்புக் குழாய் போட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தனியார் சொத்து. வீட்டுக்காரர் பணம் கட்டினால் மாற்றுவோம், இல்லாவிட்டால் அப்படியே விடுவோம் என்றார்கள். பெரும்பாலான வீடுகளில் பணம் வரவில்லை. அங்கெல்லாம் ஈயக் குழாயை எல்லையில் அறுத்து, அதன் வாயோடு செப்புக் குழாயை இணைத்து மண்ணை மூடினார்கள். இப்படி 14,000க்கு மேற்பட்ட அரைகுறை மாற்றங்கள். செலவு சுமார் 10 கோடி டாலர்.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தண்ணீருக்குள் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகும். செப்பும் ஈயமும் சேர்ந்தால் அரிபடுவது ஈயம். போதாக்குறைக்கு, அறுக்கும்போது ரம்பத்தின் அதிர்வில் பழைய படிவு உதிர்ந்து துகளாகத் தண்ணீரில் கலந்தது. அந்தத் துகள்கள் குழாய்முனைச் சல்லடையில் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும். 2011இல் வெளியான நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வே முடிவைச் சொன்னது: பாதிக் குழாய் மாற்றிய வீடுகளில் குழந்தைகளின் ஆபத்து குறையவில்லை. ஈய இணைப்பே இல்லாத வீட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால், அரைகுறையாக மாற்றிய வீட்டுக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலை அளவைத் தொடும் வாய்ப்பு 3 மடங்குக்கு மேல் இருந்தது. 10 கோடி டாலரைச் செலவழித்து வாங்கியது இதைத்தான்.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நீதிமன்றத்தில் போய் நிற்கும். 1991 விதி, நிறுவனத்தின் "கட்டுப்பாட்டில்" உள்ள குழாய் முழுவதையும் மாற்றச் சொன்னது. வீட்டுக்காரர் பக்கத்தையும் பல இடங்களில் அதற்குள் அடக்கியது. குடிநீர் நிறுவனங்களின் தேசியச் சங்கம் வழக்குப் போட்டது. உரிய முன்னறிவிப்பு இல்லாமல் இந்த வரையறையைச் சேர்த்திருக்கிறார்கள் என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. பின்னர் 2000இல் திருத்திய விதி, நிறுவனத்துக்குச் சொந்தமான துண்டை மாற்றினால் போதும் என்றது. குழாய் ஒன்று, தண்ணீர் ஒன்று, குடிக்கிற பிள்ளை ஒன்று. காகிதத்தில் மட்டும் இரண்டு.

அதே காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம் வேறு வழியில் போனது. 1992இல் அங்கும் ஈயம் வரம்பைத் தாண்டியது. பாஸ்பேட் கலக்கலாம் என்றால், அது கடைசியில் ஊரைச் சுற்றியிருக்கும் மெண்டோட்டா, மொனோனா ஏரிகளுக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். ஆகவே மொத்தக் குழாயையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். 2000இல் நகர்மன்றம் சட்டம் போட்டது: வீட்டுக்காரரும் தன் பக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். செலவில் பாதியை, 1,000 டாலர் வரை, நகரம் திருப்பித் தரும். தண்ணீர்க் கட்டணத்தில் வந்த பணத்தைத் தனியார் குழாய்க்குச் செலவிட மாநில ஒழுங்குமுறை அமைப்பு இடம் தரவில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: நீர்த்தேக்கக் கோபுரங்களின் மேல் கைப்பேசி நிறுவனங்கள் ஆன்டெனா வைக்கக் கொடுக்கும் வாடகைப் பணத்தை எடுத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். 2001இல் தொடங்கி 2012க்குள் சுமார் 8,000 இணைப்புகள் மாற்றப்பட்டன. ஊரே ஈயக் குழாயிலிருந்து விடுபட்டது. அமெரிக்காவில் இதை முதலில் செய்தது இந்த ஊர்தான்.

இந்த இரண்டு ஊர்களின் பாடமும் எல்லோர் கண் முன்னும் இருந்தபோதுதான் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்ட் தண்ணீரை விட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் கலக்கவில்லை. அந்தக் கதை உலகறிந்தது. அதில் மறக்கக்கூடாதவை இரண்டு. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஆற்று நீரைக் கைவிட்டுப் பழைய தண்ணீருக்குத் திரும்பியது. மக்களுக்கு அந்த வசதி கிடைக்க இன்னும் ஓராண்டு ஆனது. 2015இல் எடுத்த 71 மாதிரிகளில் ஈயம் மிகுந்த இரண்டை விதியைக் காட்டி நீக்கினார்கள். அதனால் நகரத்தின் கணக்கு 15க்குக் கீழே இறங்கியது. அந்த இரண்டு வீட்டிலும் மனிதர்கள் குடியிருந்தார்கள்.

நியூஜெர்சியின் நியூவார்க் நகரமும் முதலில் தடுமாறியது. 2017இல் ஈயம் ஏறியது, நிர்வாகம் மழுப்பியது, 2019 ஆகஸ்டில் வடிகட்டி பொருத்திய மூன்று வீடுகளைச் சோதித்ததில் இரண்டில் வடிகட்டியே சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்து, மக்களுக்குப் பாட்டில் தண்ணீர் கொடுக்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. அந்த ஊரில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். வீட்டுச் சொந்தக்காரர் வேறெங்கோ இருப்பார், கையெழுத்துக்கு ஆள் கிடைக்கமாட்டார். சொந்தக்காரர் சம்மதம் இல்லாமலே குடியிருப்பவர் கதவைத் திறந்தால் போதும், குழாயை மாற்றலாம் என்று நகர்மன்றம் சட்டம் போட்டது. வீட்டுக்காரரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. மாவட்ட நிர்வாகம் 12 கோடி டாலர் கடன்பத்திரத்தில் திரட்டிக் கொடுத்தது. சுமார் 23,000 குழாய்கள், மூன்று ஆண்டுக்குள், தெருவிலிருந்து வீட்டுச் சுவர் வரை முழுசாக. எல்லைக்கோட்டை அழித்ததும் வேலை எவ்வளவு விரைவில் முடிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் வந்த புதிய மத்திய விதி, பெரும்பாலான ஊர்கள் 10 ஆண்டுக்குள் ஈயக் குழாய்களை முழுமையாக மாற்ற வேண்டும் என்கிறது; நடவடிக்கை வரம்பையும் 10 மைக்ரோகிராமுக்கு இறக்கியிருக்கிறது. மாற்ற வேண்டியவை சுமார் 90 லட்சம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்போது மதிப்பிட்டது.

குழாய் முழுவதும் ஈயமாக இருந்தால்தான் ஆபத்து என்றில்லை. 2015இல் ஹாங்காங்கின் காய் சிங் குடியிருப்பில் தொடங்கி 11 அரசுக் குடியிருப்புகளின் தண்ணீரில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. அவை புத்தம்புதுக் கட்டடங்கள், குழாய்கள் செப்பு. மூட்டுகளைப் பற்றவைக்கப் பயன்படுத்திய உலோகத்தில்தான் ஈயம் இருந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் ஈயக் குழாய் அரிது. இரும்புக் குழாய்க்குப் பிறகு பி.வி.சி. வந்தது. அந்த பி.வி.சி.யில்தான் ஈயத்தின் பேச்சு தொடங்குகிறது. பி.வி.சி. தூளைச் சூடாக்கிக் குழாயாக வார்க்கும்போது அது கருகிச் சிதையாமலிருக்க ஒரு நிலைப்படுத்தி சேர்க்க வேண்டும். மலிவானதும் கைக்கு அடங்குவதுமான நிலைப்படுத்தி, ஈய உப்பு. புதுக் குழாயின் உட்பரப்பிலிருந்து அது முதலில் கூடுதலாகவும் நாளடைவில் குறைவாகவும் தண்ணீரில் இறங்கும். வெயில் தொடர்ந்து பட்டால் இறங்குவது கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மொட்டைமாடியில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்பி, சித்திரை வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கிற குழாயை நினைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியக் குழாய்த் தொழில் 2015 முடிவோடு ஈய நிலைப்படுத்தியைக் கைவிட்டது. கால்சியம்-துத்தநாக நிலைப்படுத்தி அதற்கு மாற்றாக வந்துவிட்டது. இந்தியாவில் ஒரு தன்னார்வ அமைப்பின் மனுவின்மேல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் இதுபற்றி உத்தரவிட்டது. 2021இல்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பி.வி.சி. குழாய்களில் ஈய நிலைப்படுத்தி பற்றிய விதிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன் சுவருக்குள் புதைத்த குழாய்கள் புதைத்தபடியே இருக்கின்றன.

இதை அளவுக்கு மீறிப் பெரிதாக்கவும் கூடாது. யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறைகள், பெயின்ட், கலப்பட மஞ்சள்தூள், சில வகைப் பாத்திரங்கள் ஆகியவற்றின் வேலை. தண்ணீர்க் குழாய் அந்த வரிசையில் ஒன்று. ஆனால் மற்றவற்றுக்கு இருக்கிற அளவுக்குக்கூட இதற்குச் சோதனை இல்லை. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, தளர்வே இல்லை. அதை அளப்பது பெரும்பாலும் நீரேற்று நிலையத்திலும் தெருக்குழாயிலும். அதைத் தாண்டி சம்ப், மோட்டார், மேல்நிலைத் தொட்டி, சுவருக்குள் ஓடும் குழாய், பித்தளைத் திருகு என்று வரும் நீண்ட வழி முழுவதும் வீட்டுக்காரர் பாடு. வாஷிங்டனின் கோடு இங்கே இன்னும் தடிமனாக விழுந்திருக்கிறது.

அந்த வழியைச் சோதிப்பது பெரிய வித்தையில்லை. காலையில் எவரும் குழாயைத் திறக்குமுன் சமையலறையில் வரும் முதல் லிட்டர் ஒன்று. நாலைந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. மேல்நிலைத் தொட்டியில் நேராக மொண்டது ஒன்று. சம்பில் விழும் இடத்தில் பிடித்தது ஒன்று. நான்கையும் தனித்தனிப் பாட்டிலில், எங்கே எடுத்தது என்று எழுதி, ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட் என்றுதான் பார்ப்பார்கள். ஈயம் அதில் சேராது, கேட்டுத்தான் சேர்க்கவேண்டும், அதற்கான கருவி உள்ள ஆய்வகமாகவும் பார்க்க வேண்டும். சம்ப் நீரில் ஈயம் இல்லாமல் தொட்டி நீரிலும் இல்லாமல் முதல் லிட்டரில் மட்டும் இருந்தால், குற்றவாளி தொட்டிக்கும் திருகுக்கும் நடுவில் இருக்கிறது. அப்படியானால் புதுக் குழாய் வாங்கும்போது ஈயம் கலக்காதது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அதுவரை கைக்குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்கலாம். முதலில் வருவதை வாளியில் பிடித்துச் செடிக்கோ துணிக்கோ எடுத்துக்கொள்ளலாம். எதிர்ச்சவ்வூடு முறையில் வடிகட்டும் ஆர்.ஓ. கருவி ஈயத்தை நீக்கும், அதன் சவ்வை உரிய காலத்தில் மாற்றினால். சம்ப் நீரிலேயே ஈயம் இருந்தால் அது ஒரு வீட்டுச் செய்தி அல்ல; ஆய்வக அறிக்கையின் நகலோடு மாநகராட்சிக்கோ குடிநீர் வாரியத்துக்கோ போகவேண்டியது, அதே தெருவின் மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு.